இழுவை குறைந்த பழைய உழவு இயந்திரம்: எதைத் திறப்பது, எதைத் திறக்காமல் விடுவது

புரட்டாதி பிறந்து முதல் மழைக்கு வானம் கறுக்கத் தொடங்கியதும் வன்னியின் கராஜ் வாசல்களில் ஒரே முறைப்பாடு கேட்கும்: "மெசினில் இழுவை இல்லை." கலப்பையை இறக்கினால் என்ஜின் திணறுகிறது, நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டில் ஏறுவதற்கு முதலாம் கியர் தேவைப்படுகிறது. அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "கொம்பிறஷன் போயிட்டுது, றிங் மாத்த வேணும்." கொம்பிறஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அமுக்கம்; றிங் என்பது அது கசியாமல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். இந்தப் பதில் சில வேளைகளில் சரியாக இருக்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் எவரும் எதையும் அளந்து பார்ப்பதில்லை என்பதே என் குறை.

எங்கள் வீட்டு மசி பெர்குசன் 135 அப்படித்தான் ஒரு காலபோகத் (மாரிமழையை நம்பிய பெரும்போகத்) தொடக்கத்தில் பிரிக்கப்பட்டது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் கழற்றப்பட்டது, மூன்று பிஸ்டன்களுக்கும் புது றிங் போடப்பட்டது, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கஸ்கட் மாற்றப்பட்டது. பூட்டிய முதல் நாள் இயந்திரம் நன்றாகவே இழுத்தது. மூன்றாம் நாள் பழைய கதை திரும்பவும் தொடங்கியது. கடைசியில், டீசல் தாங்கியின் அடியிலுள்ள சிறிய வடி துருவும் பாசியும் படிந்து அடைபட்டிருந்தது தெரியவந்தது. இந்த இயந்திரத்தில் தாங்கி என்ஜினுக்கு நேர் மேலே இருப்பதால், ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் தாங்கியை இறக்கியே ஆக வேண்டும். இறக்கி ஏற்றியபோது அழுக்குக் குலுங்கி ஒதுங்கியது, அதனால் இரண்டு நாள் டீசல் தாராளமாக வந்தது. றிங் மாற்றியதால் குணமானது என்று நாங்கள் நம்பியது அந்த இரண்டு நாளை வைத்துத்தான். செலவழித்த காசைவிட, அந்த ஈரத்தில் உழாமல் விட்ட நிலம்தான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே இக்கட்டுரை ஒப்பிடுவது இரண்டு விடயங்களை. இழுவைக் குறைவின் காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களிடம் உள்ள சோதனைகளில் எது எவ்வளவு நம்பத்தக்கது என்பது ஒன்று. காரணம் தெரிந்த பின், வெளிவேலையோடு நிறுத்துவதா, ஹெட்டைத் திறப்பதா, றிங் மட்டும் போடுவதா, முழுவதும் பிரித்துக் கட்டுவதா, வேறு என்ஜின் வைப்பதா என்பது மற்றது. உதாரணத்துக்கு மசி 135ஐயே எடுத்துக்கொள்கிறேன். 1964இல் சந்தைக்கு வந்த அந்த இயந்திரம் இன்னும் எங்கள் பக்கத்து வயல்களில் ஓடுகிறது. அதன் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் என்ஜினைச் சென்னையின் சிம்சன் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்ததால், அதே வழிவந்த உதிரிப்பாகங்களும் எங்களுக்குப் புதியவை அல்ல. ஏனைய பழைய டீசல் இயந்திரங்களுக்கும் சோதனை முறை பெரும்பாலும் ஒன்றுதான், அளவுகள் மாத்திரம் மாறும்.

முதலில், என்ஜினைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் என்ஜின்தான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். கலப்பை மண்ணில் இறங்கியதும் என்ஜினின் ஓசை தாழாமல் அப்படியே இருக்க, சில்லு மட்டும் மெதுவாகினால் அது கிளட்ச் வழுக்குவது. அதற்கு றிங் மருந்தல்ல. பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுவை குறையும்; சிறிது தூரம் ஓடிவிட்டு இரண்டு பக்கத்து பிரேக் உறைகளையும் தொட்டுப் பார்த்தால், எது சுடுகிறதோ அது சொல்லிவிடும். இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். 45 குதிரைவலு வகையைச் சேர்ந்த பழைய இயந்திரத்தின் பின்னால், பெரிய இயந்திரத்துக்கென்று செய்த அகன்ற ரொட்டவேற்றரைப் பூட்டிவிட்டு இழுவை இல்லை என்று சொல்வது நியாயமாகாது. மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். முழங்காவில் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் சிரமமில்லாமல் உழுத இயந்திரம், முருங்கனின் கறுத்த களியில் மழைக்குப் பின் இறங்கினால் திணறத்தான் செய்யும்.

இவை எதுவும் இல்லையென்றால் புகையைப் பார்க்கலாம். புகைபோக்கி ஒரு சோதனைக் கருவி என்றால் அது மிகையில்லை, அதற்குச் செலவும் இல்லை. ஆனால் இயந்திரம் சும்மா நின்று ஓடும்போது பார்க்கும் புகை பெரிதாக எதையும் சொல்லாது. பாரத்தோடு, கலப்பை மண்ணில் இருக்கும்போது பார்க்க வேண்டும். பாரத்தில் கரும்புகை கக்கினால், எரிவதற்குப் போதிய காற்று இல்லை அல்லது டீசல் சரியாகத் தூளாகாமல் ஒழுகுகிறது என்று பொருள். எயர் கிளீனரும், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டரின் முனையான நொசிலும் முதற் சந்தேகத்துக்குரியவை. நீலப்புகை என்ஜின் ஓயில் எரிவதைக் காட்டும். வெண்புகை, டீசல் எரியாமலே வெளியேறுவதைக் காட்டும். கொம்பிறஷன் குறைவும், டீசல் பம்பின் நேரம் பிந்தியிருப்பதும் இதற்குள் அடங்கும். ஆனால் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது நான்காவது நிலையை: பாரத்தில் திணறுகிறது, புகையோ அறவே இல்லை. தெளிந்த புகைபோக்கியோடு இழுவை குறைந்த என்ஜின் பசியில் இருக்கிறது. அதற்கு டீசல் போய்ச் சேரவில்லை. அந்த என்ஜினின் ஹெட்டில் கை வைப்பது வீண்வேலை. எங்கள் இயந்திரமும் அன்று இதைத்தான் சொன்னது. கேட்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

புகைக்கு அடுத்து, சூட்டையும் குளிரையும் வைத்து ஒரு பாகுபாடு செய்யலாம். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. கொம்பிறஷன் குறைந்தால் அந்தச் சூடு குறையும், ஆகவே குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஓடிச் சூடேறிய பின் அதே என்ஜின் சற்றுத் தேறிக்கொள்ளும். சுழல்வகை டீசல் பம்ப் தேய்ந்திருந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும், முதல் ஒரு மணி நேரம் நன்றாக இழுக்கும். சூடேற ஏற டீசல் இளகித் தேய்ந்த இடைவெளிகளால் கசியத் தொடங்கும், இழுவை இறங்கும், மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டியது கண்ணும் பொறுமையும் மாத்திரமே.

இதில் வன்னிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குளிர்நாட்டில் எழுதப்பட்ட கைநூல்கள், காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதைக் கொம்பிறஷன் குறைவின் முதல் அடையாளமாகச் சொல்லும். எங்கள் விடியற்காலை வெப்பநிலையில் அந்த அடையாளம் மிகவும் பிந்தியே தெரியும். பாதி தேய்ந்த என்ஜினும் இங்கே சலிக்காமல் ஸ்டார்ட் ஆகும். மார்கழி, தை மாதங்களின் பனிக்காலையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்து வைப்பது பயன் தரும். அத்தோடு, பற்றரி பலவீனத்தை மறைக்க இயந்திரத்தைக் குளக்கட்டின் சரிவிலே நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் எங்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அப்படிச் செய்பவருக்குத் தம் என்ஜின் குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதே தெரியாது. பற்றரி மெதுவாகச் சுழற்றினால் நல்ல என்ஜினும் கொம்பிறஷன் இல்லாததுபோல் நடிக்கும்.

இனி, கையால் செய்யும் சோதனைகள். இவற்றில் மூன்றை ஒப்பிட விரும்புகிறேன்.

முதலாவது, ஒரு சாவியோடு முடியும் சோதனை. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும் என்ஜின் தடுமாறும். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தியும் மாற்றம் தெரியவில்லையோ அது ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். பின்பு அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி அயல் சிலிண்டரின் இன்ஜெக்டரோடு இடம் மாற்றிப் பூட்டி, திரும்பவும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். பலவீனம் இன்ஜெக்டரோடு இடம்பெயர்ந்தால் குற்றம் நொசிலுடையது. பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் வால்வு, றிங், கஸ்கட் ஆகியவற்றில் ஒன்றுடையது. எந்த மானியும் இல்லாமல், இரண்டு செப்பு வாசர் செலவில், "டீசலா, கொம்பிறஷனா" என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் தரும் வேறொரு சோதனை எனக்குத் தெரியாது. நட்டை முழுவதும் கழற்றக் கூடாது, மேலே துணி சுற்றிக்கொள்ள வேண்டும். நொசிலிலிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதன் முன் விரல் நீட்டுவது விளையாட்டல்ல, அப்படி நேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இச்சோதனைக்கு ஒரு குறையும் உண்டு: மூன்று சிலிண்டர்களும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது எதையும் காட்டாது.

இரண்டாவது, கொம்பிறஷன் கேஜ். இன்ஜெக்டர் இருந்த துளையில் பூட்டி, ஸ்டாப் நெம்பை இழுத்து டீசலை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரால் சுழற்றி அளப்பது. பெற்றோல் வாகனங்களுக்குரிய கேஜ் இதற்கு உதவாது. டீசலின் அமுக்கத்தில் அது பழுதாகும். நல்ல நிலையிலுள்ள இவ்வகை என்ஜின் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தலை அண்டிக் காட்டும். 300க்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். ஆனால் தனி எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே அதிகம் பேசும். ஒன்று மற்றவற்றைவிட 50 இறாத்தலுக்கு மேல் குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குத் தனியாக ஏதோ நேர்ந்திருக்கிறது. பற்றரி முழுவதும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், என்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்றையும் ஒரே விதமாக அளக்க வேண்டும். இல்லையென்றால் அளப்பது பற்றரியையே.

கேஜோடு சேர்த்து எங்கள் பக்கத்தில் செய்யப்படும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். பெற்றோல் என்ஜினில் செய்வதுபோல, அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஓயில் விட்டுத் திரும்பவும் அளப்பார்கள். எண் ஏறினால் "றிங்தான்" என்று தீர்ப்பாகிவிடும். இந்த என்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 833 கன சென்ரிமீற்றர், நெருக்கல் விகிதம் 18.5க்கு 1, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மிஞ்சும் இடம் 48 கன சென்ரிமீற்றர் அளவே. அதற்குள் 15 கன சென்ரிமீற்றர் ஓயிலை ஊற்றினால் இருக்கும் இடத்தில் மூன்றிலொரு பங்கை ஓயிலே பிடித்துக்கொள்ளும். றிங் எப்படி இருந்தாலும், வால்வே கசிந்தாலும், எண் ஏறத்தான் செய்யும். ஓயில் கூடிப்போனால், நெருக்க இடமின்றிப் பிஸ்டன் தண்டு வளையவும் கூடும். டீசல் என்ஜினுக்கு இந்தச் சோதனையை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது, காற்றடித்துக் கேட்பது. ஐயமுள்ள சிலிண்டரின் பிஸ்டனை நெருக்கல் முடியும் உச்சியில் நிறுத்தி, கியரைப் போட்டுச் சில்லுக்குக் கட்டை வைத்து, இன்ஜெக்டர் துளை வழியாகக் கொம்பிறசர் காற்றை விட வேண்டும். பின்பு காதை வைத்துக் கேட்க வேண்டும். எயர் கிளீனர் பக்கம் சீறினால் உள்வால்வு; புகைபோக்கியில் சீறினால் வெளிவால்வு; ஓயில் ஊற்றும் வாயில் சீறினால் றிங் அல்லது லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்ளுறை); றேடியேற்றரில் குமிழி வந்தால் கஸ்கட் அல்லது வெடித்த ஹெட். ரயர் ஒட்டும் கடையின் கொம்பிறசரும், பழைய இன்ஜெக்டர் உடலில் பற்றவைத்த ஒரு குழாயும் போதும். கேஜ் நோய் இருப்பதைச் சொல்லும். எந்த இடம் என்பதைக் காற்றுச் சொல்லும். இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியுமென்றால் நான் காற்றையே தெரிவேன், ஏனெனில் செலவு குறித்த முடிவு முழுவதும் அந்த "எந்த இடம்" என்பதிலேயே தொங்குகிறது.

இனித் தீர்வுகளுக்கு வருவோம். வெளிவேலை என்பது ஹெட்டைத் திறக்காமல் செய்யக்கூடிய அனைத்தும். தாங்கியை இறக்கிக் கழுவுவது, அதன் மூடியிலுள்ள காற்றுத் துளையைத் திறப்பது, டீசல் பில்டர்களை மாற்றுவது, உறிஞ்சு பக்கத்துக் குழாய்களில் காற்று நுழைகிறதா என்று பார்ப்பது, கைநெம்பு உள்ள சிறிய டீசல் ஏற்று பம்பின் டயபிரம் தோலைச் சோதிப்பது. அந்தத் தோல் கிழிந்தால் டீசல் என்ஜின் ஓயிலுக்குள் இறங்கும். ஓயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதைக் கண்டு மகிழ்ந்த ஒருவரை நான் அறிவேன். எயர் கிளீனரின் ஓயில் கிண்ணத்தைப் புழுதி உழவுக் காலத்தில் நாள்தோறும் பார்க்க வேண்டும். குறித்த அளவுக்கு மேல் ஓயில் விட்டால் என்ஜின் அதையும் உறிஞ்சும். மாதக்கணக்கில் நின்ற இயந்திரமானால் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். நான் இதைச் சிரிக்கச் சொல்லவில்லை. அடுத்து, அக்சிலரேற்றரை முழுவதும் இழுக்கும்போது பம்பின் நெம்பு முழுத்தூரம் போகிறதா, ஸ்டாப் நெம்பு பாதியில் சிக்கியிருக்கிறதா என்பவை. வன்னியில் இந்த வேலைகளுக்கு மேலதிக நியாயம் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் டீசலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயையும் கலவைகளையும் குடித்து ஓடிய இயந்திரங்கள் இவை. 2022இன் தட்டுப்பாட்டில் கான்களில் சேமித்த டீசல், அடிமண்டியும் தண்ணீரும் சேர்த்தே தாங்கிக்குள் போயிருக்கும்.

வெளிவேலையின் கடைசிப் படி டப்பட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் இடையில் விடும் இடைவெளி. இந்த என்ஜினுக்குக் குளிரில் 0.30 மில்லிமீற்றர், சூட்டில் 0.25 மில்லிமீற்றர். வால்வு தன் இருக்கைக்குள் அமிழ அமிழ இந்த இடைவெளி சுருங்கும். முற்றாக இல்லாது போனால் வால்வு மூடாது, கொம்பிறஷன் கசியும், கேஜ் குறைத்துக் காட்டும், றிங் மீது பழி விழும். ஒரு பீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒரு மணி நேரமும் போதுமான இந்த வேலையைச் செய்யாமல் கொம்பிறஷன் அளப்பதே முறையல்ல. இதற்குப் பின்னும் கரும்புகை இருந்தால் இன்ஜெக்டர்களைப் பம்ப் கடைக்குக் கொடுத்து நொசில் பார்ப்பிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, என் கணிப்பில், சில ஏக்கர் உழவுக்கூலியில் அடங்கும்.

காற்றுச் சோதனை வால்வையோ கஸ்கட்டையோ காட்டினால் ஹெட்டை மாத்திரம் திறப்பது தகும். வால்வு அரைத்து, இருக்கை சரிபார்த்து, ஹெட்டின் அடித்தளத்தில் நேர்கோல் வைத்து வளைவு பார்த்துப் புதுக் கஸ்கட்டோடு பூட்டினால் இரண்டு மூன்று நாளில் இயந்திரம் வயலுக்குத் திரும்பும். பூட்டுமுன் ஹெட்டைக் கவிழ்த்து வழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, வால்வு ஓரம் கசியாததைக் கண்ணால் கண்ட பின்னரே மெக்கானிக்குக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இப்போது, இக்கட்டுரையில் நான் கடுமையாக எதிர்க்கும் தெரிவுக்கு வருகிறேன்: பழைய லைனரில் புது றிங் போடுவது. எங்கள் பக்கத்தில் அதிகம் விற்கப்படும் வைத்தியம் இதுதான்; பாதிச் செலவில் முழு வேலை போன்ற தோற்றம் தருவதால் அது கவர்கிறது. லைனர் தேய்வது சமமாக அல்ல. மேல் றிங் திரும்பும் உச்சியில் அதிகம் தேயும், அடியில் குறைவாகத் தேயும். உச்சிக்கு மேலே தேயாத ஒரு விளிம்பு எஞ்சும். கூம்பாகத் தேய்ந்த லைனரில் புது றிங் ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்கிக் களைத்துவிடும். விளிம்பை வெட்டாமல் பூட்டினால் மேல் றிங் முறியவும் கூடும். பிஸ்டனின் றிங் பள்ளமும் தேய்ந்திருந்தால் புது றிங் அதற்குள் ஆடும். கண்ணாடிபோல் மினுங்கும் லைனரில் றிங் படிந்து பழகுவதுமில்லை.

இதை வாதமாக விட வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். ஒரு புது றிங்கை லைனருக்குள் அடிப்பகுதியில் நேராக வைத்து அதன் வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் அளக்க வேண்டும். பின் உச்சிப்பகுதியில் வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 3.14ஆல் வகுத்தால், விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வரும். அடியில் 0.35 மில்லிமீற்றரும் உச்சியில் 0.95 மில்லிமீற்றரும் இருந்தால் வேறுபாடு 0.60, தேய்வு 0.19 மில்லிமீற்றர். 91.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள லைனருக்கு அது காலம் முடிந்த அளவு. தேய்வு 0.10க்குள் இருந்து, பிஸ்டன் பள்ளமும் நன்றாக இருந்து, லைனரைக் கல்லால் தீட்டிச் சொரசொரப்பாக்கவும் முடிந்தால், றிங் மட்டும் போடுவதை நான் மறுக்க மாட்டேன். அப்படிப்பட்ட என்ஜின்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் இழுவை இல்லை என்று கராஜுக்கு வருவதில்லை.

தேய்வைத் தவிர வேறொரு காரணமும் எங்களிடம் உண்டு. 2009இன் இடப்பெயர்வில் கைவிடப்பட்டு, மழையும் கடற்காற்றும் பட்டு வெளியில் கிடந்து, பின்னர் தேடி எடுக்கப்பட்ட இயந்திரங்களில் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். றிங் நின்ற இடத்தில் லைனரைத் துரு தின்று குழியாக்கியிருக்கும். விட்டத்தை அளந்தால் தேய்வு தெரியாது, விரல் நகத்தால் வருடினால் குழி தெரியும். அந்த லைனருக்கு எந்த றிங்கும் உதவாது. அன்று கிடைத்ததைக் கொண்டு பூட்டிய இயந்திரங்களில் மூன்று பிஸ்டன்கள் மூன்று விதமாக இருப்பதும் உண்டு.

முழுவதும் பிரித்துக் கட்டுவது என்றால், அதை முழுவதுமாகவே செய்ய வேண்டும். இந்த என்ஜினின் லைனர்கள் தண்ணீர் படாத உலர்ந்த வகை. பிளொக்கினுள் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்படுபவை. மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடிய பொருள் அல்ல. அழுத்தி ஏற்றி, தேவையான வகைக்கு உள்விட்டத்தைக் கடைந்து முடிக்கும் வசதியுள்ள இடம் வேண்டும். புது லைனர், பிஸ்டன், றிங் ஆகியவற்றோடு கிராங் தண்டையும் அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் கடைந்து, அதற்கேற்ற அளவுப் பெயரிங் போட வேண்டும். மேலே கொம்பிறஷனைப் புதிதாக்கிவிட்டுக் கீழே பழைய பெயரிங்கை விட்டால், புது வலுவை அந்தப் பெயரிங்தான் தாங்க வேண்டிவரும். டீசல் பம்பையும் இந்த வேளையிலேயே பார்ப்பித்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே ஓடிய றீகண்டிசன் என்ஜினை வாங்கி வைப்பதன் கவர்ச்சி, நேரம். இரண்டு நாளில் வேலை முடியும். ஆனால் அதன் உள்ளும் ஒரு தேய்ந்த லைனர் இருக்கலாம். நிலத்தில் கிடக்கும் என்ஜினை விற்பவர் முன்னிலையிலேயே ஸ்டார்ட்டரும் பற்றரியும் பூட்டிக் கொம்பிறஷன் அளக்க அனுமதிக்காத இடத்தில் வாங்காதீர்கள். அதைவிட முக்கியமானது என்ஜின் இலக்கம். வாகனப் பதிவில் என்ஜின் இலக்கமும் அடங்குவதால், மாற்றிய பின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தம் செய்விக்க வேண்டும். போருக்குள் ஆவணங்களைத் தொலைத்துப் பின் அலைந்து எடுத்த குடும்பங்களுக்கு இந்த அலைச்சல் புதிதல்ல. இரண்டாம் தடவையும் ஏன் என்பதே என் கேள்வி. இயந்திரத்தையே விற்றுவிடலாமா என்றால், பின்பாலமும் கியர்ப்பெட்டியும் ஹைட்ரோலிக்கும் நன்றாயிருக்கும் மசி 135ஐ என்ஜினுக்காக விற்பவர், அடுத்தவருக்கு நல்லதைச் செய்கிறார்.

எதைத் தெரிவது என்பதில் நாட்காட்டிக்கும் பங்குண்டு. காலபோக உழவு வாசலில் நிற்கும்போது என்ஜினைப் பிரிப்பவர் உழவையும் என்ஜினையும் கெடுத்துக்கொள்வார். கடைசல் கடையில் வரிசை, உதிரிப்பாகத்துக்கு அவசரம், மெக்கானிக்குக்கு ஐந்து இயந்திரம். ஓர் இயந்திரம் ஐப்பசியின் தொடக்கத்தில் கொம்பிறஷன் கேஜில் 380, 370, 260 இறாத்தல் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டப்பட் சரி, இன்ஜெக்டரை மாற்றிப் போட்டும் பலவீனம் மூன்றாம் சிலிண்டரிலேயே நிற்கிறது. காற்று புகைபோக்கியில் சீறினால், உடனே ஹெட்டை இறக்கி வெளிவால்வைச் சீர்செய்து அந்த வாரத்திலேயே உழவுக்குப் போகலாம்; மற்ற இரண்டு சிலிண்டர்களின் எண்கள் கீழ்ப்பகுதியைத் திறக்கத் தேவையில்லை என்று சொல்கின்றன. காற்று ஓயில் வாயில் சீறினால், நான் ஹெட்டைத் தொடமாட்டேன். பாரத்தைக் குறைத்து, ஓயில் அளவை ஒவ்வொரு காலையும் பார்த்து, பெட்டிக்குப் பாதி மூட்டை ஏற்றி, அந்தப் போகத்தை ஓட்டி முடிப்பேன். லைனர் செற்றுக்கு மாசியிலேயே சொல்லிவைத்து, அறுவடை முடிந்து சிறுபோகத்துக்கு (கோடைப் போகத்துக்கு) குளம் திறக்குமுன் பங்குனியில் பிரிப்பேன். கட்டி முடித்த பின் முதல் 50 மணி நேரம் முழுப்பாரமும் கூடாது, வெறுமனே நிறுத்தி ஓடவிடுவதும் கூடாது. றிங் லைனரில் படிவதற்கு நடுத்தரப் பாரம் வேண்டும். அதற்கு, ஈரம் பார்த்து மேலோட்டமாகக் கிளறும் சிறுபோக உழவைப்போல் தோதான வேலை வேறில்லை. அந்த 50 மணி நேரம் முடிந்ததும் ஓயிலை முற்றாக வடித்து மாற்றி, ஹெட் நட்டுகளை இறுக்கி, டப்பட்டைத் திரும்பவும் 0.30க்கு வைத்து, மூன்று சிலிண்டர்களின் கொம்பிறஷனையும் அளந்து வாகனப் புத்தகத்தோடு ஒரு தாளில் எழுதி வைப்பேன். அடுத்த தடவை எவராவது "கொம்பிறஷன் போயிட்டுது" என்றால் எதிலிருந்து எவ்வளவு போனது என்று கேட்பதற்கு.